உப்பு நன்றாக விழுந்த படம்

"டீச்சர், இந்தப் போனால என் கேமராவுக்குப் பக்கத்துல நிக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தொம்மை கேட்டுவிட்டார்.

மதிவதனி டீச்சர் தன் வீட்டுக் கூடத்தில் லென்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முதல்ல உள்ள வாங்க அண்ணாச்சி."

தொம்மைக்கு ஐம்பத்தொரு வயது. தூத்துக்குடியில் சொந்த ஸ்டூடியோ. டீச்சருக்கு முப்பத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் நூலகத்து மாடியில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பவர். இந்த வயசில் சின்னப் பொண்ணிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள்.

தொம்மை அதைச் சட்டை செய்யவில்லை. நாலு வருசத்துக்கு முன்னால் அவருடைய படங்கள் நூற்றைப் புரட்டிப் பார்த்த டீச்சர், "இதுல நாலு நல்லாருக்கு" என்றார். எந்த நாலு என்று தொம்மைக்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவர் சிஷ்யர்.

"முடியாதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை வந்தாப் போதும்," என்றார் தொம்மை.

அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. உப்பளத் தொழிலாளர் சங்கம் வருசாவருசம் காலண்டர் போடும். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு தொழிலாளர். இருபத்திரண்டு வருசமாக அந்தப் படங்கள் தொம்மையுடையவை. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் அவருக்குப் பிழைப்பு. காலண்டர்தான் பேர்.

இந்த வருசம் சங்கச் செயலாளர் லிங்கராஜ் தொம்மையின் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். லிங்கராஜின் மச்சினன் புதுப் போனில் எடுத்த படங்கள் கண்ணைப் பறிக்கின்றனவாம். வருகிற சனிக்கிழமை சங்கக் கட்டடத்தில் இரண்டு பேர் படங்களையும் மாட்டுவதாம். தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டுமாம்.

தோற்றால் காலண்டர் மச்சினனுக்கு.

"போன் படத்தைப் பாத்தீங்களா?" என்றார் டீச்சர்.

"பாத்தேன். பின்பக்கத்தை மங்கலாக்குதேன்னு காதுல பாதியைத் தின்னுருக்கு. பெருசாக்கிப் பாத்தா மாவு மாவா பிரியுது. என் படத்துல உப்புக்கல்லை ஒண்ணொண்ணா எண்ணலாம்."

"காலண்டர்ல படம் எவ்வளவு பெருசு?"

தொம்மை இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அதிகம் விரிக்க வேண்டியிருக்கவில்லை.

"அந்த அளவுல மாவு தெரியுமா?"

தொம்மை யோசித்தார். தொழில் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"தெரியாது."

"காது?"

"காது தெரியும்."

"அப்ப காது வரைக்கும் ஜெயிச்சாச்சு."

"விளையாடாதீங்க டீச்சர்."

"சரி. நீங்க எடுத்ததுலயே உசத்தியான படத்தை எடுங்க."

அதைக் கேட்கத்தான் காத்திருந்த மாதிரி தொம்மை பையைத் திறந்தார். போன வருசக் காலண்டரில் ஜனவரி மாதம். காலை வெயில் சாய்ந்து விழ, மலையாய்க் குவிந்த உப்பு அம்பாரத்துக்கு முன்னால் பேச்சியம்மாள் கூடையோடு நிற்கிறாள். கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய படம். யார் பார்த்தாலும் உப்பைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவார்கள்.

டீச்சர் படத்தை மேஜையில் வைத்தார். பேச்சியம்மாளின் முகத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்து மறைத்தார்.

"இப்ப படம் கெட்டுப்போச்சா?"

தொம்மை குனிந்து பார்த்தார். உப்பு மின்னியது. அம்பாரத்தின் சரிவு, கூடையின் வளைவு, மேலே ஆகாசம், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தார்.

"இல்ல. கெடல," என்றார்.

சொன்ன பிறகுதான் தன் வாய் சொன்னது அவர் காதில் விழுந்தது.

டீச்சர் விரலை எடுத்தார்.

தொம்மைக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிராளி எடுத்த படம் ஒன்றையும் கையோடு கொண்டு வந்திருந்தார். அதே பேச்சியம்மாள், அதே அம்பாரம். அதை எடுத்து மேஜையில் அடித்த மாதிரி வைத்தார்.

"இதுலயும் வச்சுப் பாருங்க."

"நீங்களே வைங்க."

தொம்மை தன் கட்டைவிரலை வைத்தார். பார்த்தார்.

"இதுவும் கெடல," என்றார். முதலில் சந்தோஷமாக இருந்தது. அது நிலைக்கவில்லை.

"கேமரா இங்க இருக்கட்டும் அண்ணாச்சி. போனும் இருக்கட்டும். போயிட்டு வாங்க."

"எங்க?"

டீச்சர் மறுபடியும் லென்ஸைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை தொம்மை வெறுங்கையோடு உப்பளத்துக்குப் போனார். இத்தனை வருசம் பை தொங்கிய வலது தோள், கனம் இல்லாமல் தானாக மேலே ஏறிக்கொண்டே வந்தது. அதை இறக்கி இறக்கி விட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார்.

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பார்த்தது பேச்சியம்மாள்.

"என்ன அண்ணாச்சி, பெட்டியை எங்க? வித்துட்டீயளா?"

"டீச்சர் வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"பள்ளிக்கூடத்துல பம்பரத்தைப் புடுங்குவாங்களே, அந்த மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தொம்மையும் சிரித்தபடி வரப்பில் உட்கார்ந்தார். கையில் ஒன்றும் இல்லாததால் எதையாவது பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

"ஏ பேச்சியம்மா, போன வருசக் காலண்டரை வீட்ல எங்க மாட்டிருக்க?"

சிரிப்பு நின்றது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"அரிசிப் பானைக்கு அடியில விரிச்சிருக்கேன் அண்ணாச்சி."

"ஏன்?"

"சொன்னாக் கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நீங்க எடுக்கதுல உப்பு நல்லா விழுது. நாங்கதான் கருகிப்போயிருதோம். என் மூக்குத்தி எங்க கெடக்குன்னு நானே தேடணும்."

தொம்மை வரப்பில் கிடந்த உப்புக்கல் ஒன்றை எடுத்து உருட்டினார்.

"செயலாளரு மச்சினன் போன்ல எடுத்தது?"

"அதுல மாவுல புரட்டுன மாதிரி வெளுத்துக் கெடக்கேன். என் வீட்டுக்காரரு பாத்துட்டு, யாரு வீட்டுக் கல்யாணத்துல எடுத்ததுன்னு கேக்காரு."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை தொம்மை சிரிக்கவில்லை.

விஷயம் என்னவென்று அவருக்குத் தெரியும். உப்பளத்தில் படம் எடுக்கும் எவருக்கும் தெரியும். உப்பு, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. அந்த வெள்ளை சிதறாமல் வெளிச்சத்தை அளந்தால் பக்கத்தில் நிற்கிறவர் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு அளந்தால் உப்பு வெறும் வெள்ளைக் காகிதமாய்ப் போகும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம்.

இருபத்திரண்டு வருசமாக அவர் உப்பைக் காப்பாற்றியிருந்தார். பரிசு கொடுத்தவர்கள் உப்பைத்தான் புகழ்ந்தார்கள். படத்தில் நின்றவர்களை அவர் கேட்டதே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை.

பெண்கள் மறுபடி பாத்தியில் இறங்கினார்கள். தொம்மை வெயில் உச்சிக்கு ஏறும்வரை இருந்தார். செவ்வாயும் வந்தார். புதனும் வந்தார். ஸ்டூடியோ மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. போனும் இல்லாமல் எங்கே சுற்றுகிறார் என்று வீட்டுக்காரம்மா திட்டித் தீர்த்தது தனிக் கதை.

பேச்சியம்மாளுக்கு வேர்க்கும்போது புருவத்தில் உப்பு பூத்து நிற்கும். யாராவது பேசினால் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பாள். காலையில் ஒரு நிறம், வேலை முடியும்போது ஒரு நிறம். பரிசு வாங்கிய படத்தில் இதில் எதுவும் இல்லை. இவளை இருபது தடவையாவது எடுத்திருப்பார்.

வியாழக்கிழமை விடிந்ததும் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கேமராவைக் குடுங்க டீச்சர்."

"எதுக்கு?"

"முகத்துக்கு அளக்கணும்."

டீச்சர் உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்து கொடுத்தார். தொம்மை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடியும் கையை நீட்டினார்.

"போனையும் குடுங்க."

"அதால பக்கத்துல நிக்கவே முடியாதுன்னீங்க?"

"அவங்க கொட்டகைக்குள்ள இருட்டுல உக்காந்திருக்கப்ப இந்தக் கேமரா வேணும். சிரிக்கப்ப அந்தப் போன் வேணும். நான் இந்தப் பெட்டியைத் தூக்குததுக்குள்ள சிரிப்பு போயிருது."

டீச்சர் போனைக் கொடுத்தார். கதவைச் சாத்தும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

இரண்டு நாள் தொம்மை எடுத்தார். கேமராவில் முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டினார். உப்பு வெறும் வெள்ளையாய்ப் போனது. வேறு யாராவது அப்படி எடுத்துக்கொண்டு வந்திருந்தால் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார். போனில், முகத்தைத் தானாக மெழுகி வெளுப்பாக்கும் வசதியை அணைத்தார். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, எதிரில் நிற்கிற முகத்தின் நிறம் வந்ததும் நிறுத்தினார். ஒன்றில் கூட்டினார், ஒன்றில் குறைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டையும் அச்சுப் போட்டு ஸ்டூடியோவில் பரப்பிப் பார்த்தார். இதைவிட நல்ல படங்களைத் தன்னால் எடுக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. உப்பே தெரியாத இந்தப் படங்கள் உப்பளத்து முதலாளிகளுக்குப் பிடிக்காது என்றும் தோன்றியது. அதனால் தூக்கம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

சனிக்கிழமை சங்கக் கட்டடத்தில் இடது பக்கச் சுவரில் மச்சினனின் படங்கள் பன்னிரண்டு. வலது பக்கத்தில் தொம்மையின் படங்கள் பன்னிரண்டு, கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கின. டீச்சர் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

லிங்கராஜ் வலது பக்கம் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, உப்பையே காணும்?"

"காணாதுதான்," என்றார் தொம்மை.

வேலை முடிந்து தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். லிங்கராஜ் மேஜைக்குப் போய் ஓட்டுச் சீட்டுகளைக் கத்தரிக்க உட்கார்ந்தார்.

பேச்சியம்மாள் இடது பக்கச் சுவரை ஒரு நடை பார்த்துவிட்டு வலது பக்கம் வந்தாள். தன் படத்துக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு எட்டிக் கிளிப்பை அவிழ்த்து, படத்தை எடுத்து, சோற்றுவாளி வைத்திருந்த பைக்குள் நனையாமல் சொருகினாள்.

அடுத்து நின்றவளும் தன் படத்தை எடுத்தாள். அதற்கடுத்து ஒரு ஆள் எடுத்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை.

லிங்கராஜ் நிமிர்ந்தபோது வலது பக்கத்தில் ஏழு கிளிப் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன.

"ஏய், ஓட்டுப் போடுததுக்கு முன்னாடி யாரு தொடச் சொன்னா? போனுக்கும் கேமராவுக்கும்தான் போட்டியே. எந்தப் படத்தை எதுல எடுத்தாருன்னு அண்ணாச்சி எழுதக்கூட இல்லை. ஏ பேச்சியம்மா, எடு அதை வெளிய. இது போனா, கேமராவா?"

பேச்சியம்மாள் படத்தை வெளியே எடுத்தாள். இடது கண்ணைச் சுருக்கி அதை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள்.

"இது நானுல்லா?"