மூடின கோடு

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. ஊருன்னா நம்ம பக்கத்து ஊரு இல்ல. கடல் தாண்டி அமெரிக்காவுல, பாறை உச்சியில, மண்ணு வீட்டு மேல மண்ணு வீடா அடுக்கின ப்யூப்ளோ ஊரு. அக்கா பேரு கதலினா, தங்கச்சி பேரு பெனீதா. ரெண்டு பேரும் பானை செய்வாங்க. சக்கரமெல்லாம் கிடையாது. மண்ணை முறுக்கு மாதிரி திரிச்சு, சுத்திச் சுத்தி அடுக்கி, வெள்ளை மண்ணுக் குழம்பு பூசி, கூழாங்கல்லால சர்ரு சர்ருன்னு தேய்ப்பாங்க. அப்புறம் இலை நுனியை மென்னு மென்னு தூரிகையாக்கி, கறுப்பு மையில படம் போடுவாங்க. கேக்குறியா? ம் சொல்லு.

அங்க ஒரு வழக்கம். பானை கழுத்தைச் சுத்திக் கோடு போட்டா, முழுசா மூட மாட்டாங்க. எறும்பு போற அளவுக்கு இடம் விடுவாங்க. ஏன்னா வரையறவ உயிரு கொஞ்சம் பானைக்குள்ள போயிடுமாம். வெளிய வர வழி வேணும்ல? மூடிட்டா கை முடங்கிடும்னு அவங்க அம்மா சொல்லி வெச்சிருந்தா.

கதலினா கோடு நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். பெனீதா கோடு லேசா நடுங்கும். ஆனா அவ வரையற கிளி இருக்கே, விர்ருனு பறந்துடும்போல இருக்கும். வருஷா வருஷம் திருவிழாவுக்கு அக்கா பானைதான் போகும். அந்த வருஷம் ஊர்ப் பெரியவங்க வந்தாங்க. அக்கா பானையைத் தாண்டிப் போயி, தங்கச்சி பானை முன்னாடி நின்னுட்டாங்க. இதைச் சுட்டு வைம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

கதலினாவுக்கு அடிவயிறு பத்திக்கிச்சு. மூக்கு ஒழுகிட்டு நின்ன குட்டி, இவளுக்கா? சோறு தண்ணி இறங்கல. தங்கச்சி சிரிச்சா எரிச்சல், பாடினா எரிச்சல், சும்மா இருந்தாலும் எரிச்சல். அப்போ பெனீதா தண்ணி எடுக்கப் போனா. இவ தூரிகையை எடுத்தா. சரக். ஒரே இழுப்பு, கோடு மூடிடுச்சு. இனிமே உன் கிளி எப்படிப் பறக்குதுன்னு பார்க்கறேன்னு கறுவிக்கிட்டா. நானே சுடறேன்னு சொல்லி, ஆட்டுப்புழுக்கை வறட்டியை அடுக்கித் தீயும் மூட்டிட்டா. தீயில வெந்த கோடு அழியுமா? அழியாது. சுட்டு எடுத்ததும், மூடின பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வெச்சா.

அப்புறம் பெனீதா அடுத்த பானை வரைஞ்சா. கிளி இன்னும் அழகா வந்துச்சு! கதலினா உட்கார்ந்தா. முதல் பானையில கோடு கோணிக்கிச்சு. ரெண்டாவதுல மை சொட்டு சொட்டுனு ஒழுகிடுச்சு. மூணாவதுக்குக் கையே எழும்பல, தூரிகை பொத்துனு விழுந்துச்சு. கடைசிக் கோடு இழுத்தது யாரு கை? ம், அவ கைதான். மூடினதும் அவளையேதான்.

திருவிழாவுக்குப் பானையைத் தூக்க ஆளுங்க வாசலுக்கு வந்தாச்சு. உயிரு மாட்டின பானை போயிட்டா கையும் போச்சு. சொன்னா மானம் போச்சு. கதலினா முழுங்கி முழுங்கி, கடைசியில தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டா.

பெனீதா பானையைத் திருப்பிப் பார்த்தா. மூடின இடத்தை விரலால தடவினா.

"ஆமாக்கா, இது உன் கோடுதான். எனக்கு இவ்ளோ நேரா வராது. எனக்கு அதுலயே வயித்தெரிச்சல், தெரியுமா?"

சொல்லிட்டு, அக்கா உயிரு வெளிய வரட்டும்னு பானையைத் தரையில போட்டா. டமார்! பெனீதாவுக்கு வலிக்காம இல்ல. அவ செஞ்சதுலயே நல்ல பானை அதுதான். உட்கார்ந்து அழுதா.

வந்தவங்க பழைய பானை ஒண்ணைத் தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் ரெண்டு பேருமா உடைஞ்ச பானை ஓடுகளைக் கடக் கடக்குனு அரைச்சாங்க. அந்த ஊர்ல ஓட்டுத்தூளைக் கலந்தாதான் புது மண்ணு தீயில வெடிக்காது. அந்த மண்ணுல ஒரு பானை செஞ்சாங்க. கிளி தங்கச்சி போட்டா, கோடு அக்கா போட்டா. கை நல்லாவே வந்துச்சு. இடம் மட்டும், எறும்பென்ன, ஒரு வண்டே போற அளவுக்கு விட்டா.

பொறாமை போயிடுச்சான்னு கேக்குறியா? எங்க போகும், இருந்துச்சு. ஆனா இப்போ வெளிய போக வழி இருந்துச்சு.

இந்தக் கதையிலயும் ஒரு இடம் விட்டு வெச்சிருக்கேன், அது வழியா தூக்கம் வரட்டும். கண்ணை மூடு.