ராஜாவுக்குப் பொருந்தாத சீருடை

வெகு காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. காலையில் மனதில் தோன்றியது மாலைக்குள் சட்டமாகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் அரசுப் பள்ளிக்கூடத்து வழியாகப் போனவன் கண்ணில் இரண்டு பிள்ளைகள் பட்டார்கள். ஒருவன் பட்டு உடுத்தியிருந்தான். மற்றவன் சட்டையில் ஒட்டுத்துணிதான் அதிகம். ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"எல்லாப் பிள்ளைகளும் ஒரே உடை உடுத்தட்டும்" என்றான் சபையில்.

மந்திரி அம்பலவாணருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. ஆனால் பொறுப்பு ஆடைச்சாலை அதிகாரி திருமேனிநாதரிடம் போயிற்று. மந்திரியின் இருக்கை ராஜாவுக்கு வலப்பக்கம், தன்னுடையது தூணுக்குப் பின்னால் என்பது அவருடைய நெடுநாள் புகைச்சல். சரிகைக் கரை வைத்த நீலச் சட்டைதான் சீருடை என்று அவர் தீர்மானித்தார். அந்தத் துணி அவருடைய ஆடைச்சாலையில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் அவர் சொன்ன விலைக்கு. சட்டை இல்லாத பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்றும் ஆணையில் சேர்த்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து அம்பலவாணர் அந்தப் பக்கம் போனார். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். உள்ளே வாய்ப்பாடு சொல்லச் சொல்ல, இவர்களும் கூடவே கத்தினார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்காரர் மகள் காத்தாயியின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"நீ ஏம்மா உள்ளே போகலை?"

"சட்டை இல்லைங்க. விஜயதசமிக்குள்ள போடலைன்னா பேரை எடுத்துடுவாங்களாம். அப்புறம் காளவாய் வேலைக்கு வந்துடுன்னுட்டாரு அப்பா."

"சீருடையே வேண்டாம்னு ராஜாகிட்ட சொல்லட்டுமா?"

"ஐயையோ, வேணாங்க! அதைப் போட்டா என் ரவிக்கைக் கிழிசலை யாரும் பார்க்கமாட்டாங்க. எனக்குச் சட்டையும் வேணும். உள்ளேயும் போகணும்."

மறுநாள் அம்பலவாணர் சபையில் வாயைத் திறந்தார். "மகாராஜா, சீருடை இல்லாத பிள்ளைகள்..."

"பார்த்தீர்களா!" தூணுக்குப் பின்னாலிருந்து திருமேனிநாதர் எழுந்தார். "மகாராஜா எதைச் செய்தாலும் மந்திரியாருக்குக் குறைதான்."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "அம்பலவாணரே, சீருடைக்கு எதிராக இன்னொரு வார்த்தை பேசினால் உம் பதவி போய்விடும்."

அம்பலவாணர் உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு பணிவாகச் சொன்னார்: "எதிர்ப்பே இல்லை, மகாராஜா. காவல் தளர்ந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. பள்ளி வாயிலோன் ஆள் பார்த்து உள்ளே விட்டுவிட்டால்?"

மந்திரியை முந்திக்கொள்ளும் வாய்ப்பைத் திருமேனிநாதர் விடுவாரா?

"அதெப்படி விடுவான்? வாத்தியாரைத் தவிர, பள்ளிக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் சீருடை வேண்டும். இல்லாதவரை விட்டால் வாயிலோன் தலை போகும் என்று போட்டுவிடுவோம், பிரபு!"

"பலே!" என்று ராஜா முத்திரை குத்தினான்.

விஜயதசமி வந்தது. அன்று ராஜா பள்ளிக்குள் போய், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து முதல் எழுத்தை எழுதுவது செங்கழனி வழக்கம். நல்ல நேரம் தப்பினால் அந்த வருஷம் முழுக்க ராஜாவுக்குப் புத்தி மந்தம் என்று ஊர் சொல்லும். மேளதாளத்தோடு வந்தவன் முன்னால் வாயிலோன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான். அவன் உடம்பு நடுங்கியது. ஈட்டி நடுங்கவில்லை.

"சீருடை இல்லாமல் விடக்கூடாது, மகாராஜா."

"யார் போட்ட ஆணையடா அது?"

"தாங்கள் போட்டதுதான், மகாராஜா."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது; தன் முத்திரையைத் தானே மீற ராஜாவுக்கு மனம் வரவில்லை.

திருமேனிநாதர் பள்ளியிலேயே பருத்த பிள்ளையை வாசலுக்குக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றி வாங்கினார். அது ராஜாவின் முழங்கையோடு நின்றுவிட்டது. இழுத்த இழுப்பில் சரிகைதான் பிய்ந்தது.

"பெரிய சட்டை ஒன்றுகூடவா தைக்கவில்லை?"

"தங்களையும் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லையே, பிரபு!"

நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. ராஜா வியர்வையைத் துடைத்தபடி வேலியோரம் ஒதுங்கினான். அங்கே காத்தாயி மண்ணைக் கையால் தடவிச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் சட்டை கிடைக்கலைங்களா?"

ராஜா கையில் தொங்கிய சரிகையைப் பார்த்தான்.

"நாங்க தினமும் இங்கதான் எழுதறோம். உட்காருங்க. நேரமாயிடும்."

ராஜா உட்கார்ந்தான். சட்டையில்லாத பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவன் மண்ணில் விரலை ஊன்றி முதல் எழுத்தை எழுதினான். காத்தாயி எட்டிப் பார்த்தாள்.

"சுழி கோணலா இருக்குங்க. பரவாயில்லை, உள்ளே போனா வாத்தியார் திருத்துவாரு."

"நீ எப்போது உள்ளே போவாய்?"

"இன்னிக்குப் பேரை எடுத்துடுவாங்க."

ராஜா விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். பிறகு திரும்பினான். "அம்பலவாணரே, இது உம்முடைய வேலைதானே?"

"சீருடைக்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். தன் சால்வையை எடுத்து மந்திரியின் தோளில் போட்டான்.

"சீருடை இருக்கட்டும். அதைக் கொடுப்பது இனி அரண்மனையின் வேலை. கொடுத்து முடியும்வரை எந்த உடையில் வந்தாலும் உள்ளே விட வேண்டும். ஒரு பெயரையும் எடுக்கக்கூடாது. சரிகையெல்லாம் வேண்டாம், பருத்தி போதும். திருமேனிநாதரே, ஒவ்வொரு பிள்ளைக்கும் நீரே அளவெடும்."

பட்டு அங்கவஸ்திரம் மண்ணில் புரள, திருமேனிநாதர் காத்தாயியின் முன்னால் மண்டியிட்டார். நூலைத் தோளில் வைத்தார். அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"மூச்சை விடு, பெண்ணே. அளவு தப்பாகிறது."

"கொஞ்சம் பெரிசாவே தைங்க, ஐயா" என்றாள் காத்தாயி. "அடுத்த வருஷமும் வருவேனில்ல?"