கதவருகே அணையும் கணினி

காந்திபுரத்தில் ஒரு மாடியில் நஸ்ரினின் கடை. விளையாட்டுக்கென்றே கணினி கட்டிக் கொடுப்பாள். அவளுக்கு முப்பது வயது. அவளிடம் தொழில் கற்க வந்த வெள்ளியங்கிரிக்கு அறுபது. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றியே காலம் கழித்தவர், கணக்கில் புலி. புலி என்று சொல்வதும் அவரேதான்.

ஒரு மத்தியானம் கோகிலவாணி அழுத முகத்தோடு வந்தாள். போன வாரம் வெள்ளியங்கிரி கட்டிக் கொடுத்த கணினியை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணன் என்னை உள்ள விட மாட்டேங்கிறானுங்க," என்றாள்.

அண்ணன் இறந்து ஒரு வருஷம். இருவரும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தில் அவன் ஒரு வீடு கட்டியிருந்தான். அந்த ஆட்டத்தில், ஆடுபவர் எழுந்து போய்விட்டால் அவர் உருவம் விட்ட இடத்திலேயே தூங்கும். அவன் அங்கே இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் இவள் கணினி வாங்கினாள்.

"கதவைத் தொட்டா எல்லாம் இருட்டாயிடுது. கடைசியா சண்டை போட்டுட்டுத்தான் பேசாம இருந்தோம். அவனுக்குக் கோவம் போகலைங்க."

வெள்ளியங்கிரி ஆட்டத்தை ஓட்டினார். காடு, ஓடை, பிறகு வீடு. எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஜன்னல் வழியே பார்த்தால், உள்ளே ஒருவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கதவைத் தொட்டார். திரை கறுத்தது. விசிறிகள் நின்றன.

மறுபடியும் ஓட்டினார். அதே கதவு, அதே இருட்டு. மௌஸை விட்டுவிட்டு நஸ்ரினிடம் திரும்பினார்.

"அம்மணி, இது மெஷின் கோளாறு இல்லீங்க," என்றார் தணிந்த குரலில். "கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டச் சொல்லலாம்."

"எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்டுங்ணா போட்டீங்க?" என்று கேட்டாள் நஸ்ரின்.

"எல்லாத்தையும் கூட்டினா நானூறு வந்துச்சு. நானூத்தம்பது போட்டேன். விரலுக்குத் தகுந்த வீக்கம்."

நஸ்ரின் மின்சாரம் கொடுக்கும் அந்தப் பெட்டியைக் கழற்றினாள். எழுநூற்றைம்பது வாட் பெட்டி ஒன்றை மாட்டி, மௌஸைக் கோகிலவாணியிடம் தள்ளினாள்.

"நீங்களே தொறங்க."

கதவு திறந்தது. உள்ளே சுவரெல்லாம் விளக்குகள், விளக்குக்கு ஒரு நிழல். அத்தனையையும் ஒரே நொடியில் வரைய வேண்டிய கணினி மூச்சிரைத்தது. அணையவில்லை.

அவன் படுத்திருந்தான். முகம் கதவைப் பார்த்து இருந்தது.

"திரும்பிட்டான்!" கோகிலவாணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வெள்ளியங்கிரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. நஸ்ரினைப் பார்த்தார். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது. அவர் தனக்குத் தெரிந்த கணக்கையே பிடித்துக்கொண்டார்.

"கதவு வரைக்கும் நானூத்தம்பது போதுமா இருந்துச்சுங்களே?"

"மோட்டார் சுவிட்சைப் போட்டதும் எத்தனை மடங்கு கரண்டு இழுக்கும்?"

"ஆறு மடங்கு. ஆனா கண்ணிமைக்கிற நேரந்தான். இதுல அப்படி ஒண்ணும் சுத்தலையேன்னு விட்டுட்டேன்."

"படம் வரையிற கார்டும் அப்படி இழுக்கும்."

"கண்ணிமைக்கிற நேரத்துக்கா அம்மணி இவ்வளவு பெரிய பெட்டி? மத்த நேரமெல்லாம் சும்மாதான கிடக்கும்?"

நஸ்ரின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துக்குத்தானுங்ணா அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரே வாங்குச்சு."