அந்தப் பக்கத்துக் கைப்பிடி

"கவிழாத கயாக் ஒண்ணு வேணும்," என்றாள் கிளமென்சி. "அதை நான் ஒருத்தியே கரையிலிருந்து தண்ணிக்குக் கொண்டுபோகணும். இந்த ரெண்டுதான். வேற எதுவும் வேண்டாம்."

ஜெனோவா கழிமுகக் கரையில், மஞ்சள் நிறக் கயாக் படகு ஒன்றின் முன்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்திருந்தாள்.

ஒல்லியான பெண். கயாக் விற்பாள், ஓட்டவும் கற்றுக்கொடுப்பாள். முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் இல்லை. ஆனாலும் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் அவளை டீச்சர் என்றார்கள். பேச்சுக்கு ரேஷன் போட்டவள் மாதிரி இருந்தாள்.

கிளமென்சிக்கு நாற்பத்தெட்டு வயது. காத்திருப்பது அவளுக்கு ஆகாது.

"காது கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"பிறகு என்னத்துக்கு இப்படி உக்காந்திருக்க?"

"காத்திருக்கேன்."

"யாருக்கு?"

"தெரியல. யாராவது வருவாங்க."

"அதான் நான் வந்து நிக்கேனே!"

"அப்ப அந்தப் பக்கம் பிடிங்க."

பின்பக்கத்திலும் ஒரு கைப்பிடி இருந்தது. வாங்க வந்தவளை வேலை வாங்குகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே கிளமென்சி குனிந்து தூக்கினாள். சகதியில் கால் புதைய இருவரும் நடந்தார்கள். கயாக் தண்ணீரில் இறங்கியது.

ஜெனோவா நன்றி சொல்லவில்லை. அதுவும் கிளமென்சிக்குப் பிடிக்கவில்லை.


கிளமென்சியின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் கடல். மீதி இரண்டு மாதம் வீட்டில் இருந்தாலும் ஆள் எங்கோ மிதந்துகொண்டிருப்பார். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவாள்.

ஒரு வருஷமாகப் பாலத்தின் மேலிருந்து கிளமென்சி தூண்டில் போட்டுவந்தாள்.

மீனுக்காக அல்ல. தனியாகச் சினிமாவுக்குப் போனால் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். தனியாக ஓட்டலில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலியைப் பார்ப்பார்கள். தூண்டில் போடுகிறவளிடம் மட்டும் "ஏன் தனியா?" என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் பாலத்தில் முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றது. "மீன் பிடிக்கிதா, பாலத்தைப் பிடிச்சிட்டு நிக்கிதா?" என்று ஒரு நாள் ஒரு குரல் கேட்டது. அன்றைக்குத்தான் தண்ணீருக்கு நடுவில் போய்விட வேண்டும் என்று நினைத்தாள்.

ஒருத்தர் கையும் இல்லாமல் போக வேண்டும். அதற்குக் காரணம் வேறு.

போன வருஷத் திருவிழாவில் கோயில் படியில் வழுக்கி விழுந்தாள். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். ஐந்தாவதாக நின்றவன், "ஹார்பருக்குப் போன் போட்டு கிரேனை வரச் சொல்லுங்கப்பா" என்றான்.

நாலு பேரும் சிரித்தார்கள். தூக்கிக்கொண்டே சிரித்தார்கள். அந்தக் குலுக்கல் இன்னும் அவள் அக்குளில் இருந்தது.

சொன்னவன் பெயர் தஸ்நேவிஸ். ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். அதே தெரு.

அதற்குப் பிறகு அவள் திருவிழாவுக்குப் போகவில்லை. கல்யாணங்களுக்கும் போகவில்லை. சிலிண்டர் வந்தால் கேட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, ஆள் போனதும் அடுப்படி வரை அவளே உருட்டிக்கொண்டு போனாள்.


மறுநாள் ஜெனோவா கேட்டாள்.

"எடை எவ்வளவுக்கா?"

"நூறு."

ஜெனோவா பச்சை நிறக் கயாக் ஒன்றைத் தண்ணீரோரம் இழுத்துவிட்டாள். ஒடுங்கலான, லேசான கயாக். பக்கத்து உப்பளத்திலிருந்து வாங்கி வைத்திருந்த உப்பு மூட்டைகளைச் சுமந்து வந்தாள். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வரிசையாக அதில் அடுக்கினாள். தள்ளிவிட்டாள்.

கயாக் அழகாக மிதந்தது.

"உப்பு போயிட்டு வந்துரும்," என்றாள். "நீங்க எப்பப் போறிய?"

கிளமென்சி உப்பைப் பார்த்தாள். சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவள். பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

"இன்னொரு மூட்டை வை," என்றாள்.

ஐந்தாவது ஏறியது. கயாக் கொஞ்சம் அமுங்கியது.

"குடிதண்ணி?"

"இருக்கும்."

"தூண்டில், ஐஸ் பெட்டி?"

"வேணும்தானே!"

"மீன்?"

"மீனுமா?"

"மீனுக்கு எடை கிடையாதாக்கா?"

ஆறாவது மூட்டை ஏறியது. தண்ணீர் வடிவதற்கென்று வைத்திருந்த அடித்துளைகள் வழியாகவே தண்ணீர் மேலே வந்து மூட்டைகளைத் தொட்டது. உப்பு கசியத் தொடங்கியது.

"இப்படியே விட்டா சாயங்காலத்துக்குள்ள நான் மெலிஞ்சிருவேன்," என்றாள் கிளமென்சி.

ஜெனோவா சிரித்தாள். வாயைத் திறந்து, பல் தெரிய. கிளமென்சிக்கு அந்தச் சிரிப்பு எங்கேயும் குத்தவில்லை. அது ஏன் என்று யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"ஐஸ் பெட்டி வேண்டாம். மீனும் வேண்டாம். இந்தப் பச்சையே எனக்குப் போதும்."

"மீன் வேண்டாம்னா எதுக்குப் போறிய?"

கிளமென்சி பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.


இரண்டு நாள் கழித்து வந்தாள். கணவரின் முழுக்கைச் சட்டையும் தொளதொள பேண்ட்டும் போட்டிருந்தாள். மிதவைச் சட்டையின் வார்களை ஜெனோவா கடைசித் துளை வரை தளர்த்திப் பூட்டினாள்.

"உக்கார்றதுக்குச் சொல்லிக்குடு," என்றாள் கிளமென்சி.

"முதல்ல விழுந்து காட்டுங்க."

"என்னது?"

"விழணும்."

"நான் உன்கிட்ட விழாம இருக்கறதுக்கு வந்திருக்கேன்!"

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்? ஒரு வருஷமா பாத்ரூமுக்குக்கூடச் சுவரைப் பிடிச்சுட்டுப் போறவ நான். உனக்கு என்ன தெரியும்?"

ஜெனோவா குனிந்து ஒரு சிப்பியை எடுத்துச் சேற்றைத் துடைத்தாள்.

தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. கரையில் ஆள் இல்லை. தூரத்தில் ஒரு கொக்கு, அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

கிளமென்சி பச்சையில் ஏறி உட்கார்ந்தாள். விழுவதற்கு முயற்சியே தேவைப்படவில்லை.

தண்ணீருக்கு அவளைத் தெரியவில்லை. எல்லாரையும் வாங்கிக்கொள்வதுபோல அவளையும் வாங்கிக்கொண்டது. மூக்கில் உப்பு ஏற எழுந்து நின்றாள். கொக்கு திரும்பவில்லை.

"இப்ப ஏறுங்க," என்றாள் ஜெனோவா.

பச்சை ஏறவிடவில்லை. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் கிளம்பி அவள் தலைக்கு மேல் வந்தது. மூன்று தரம். நாலாவது தரம் அவள் கையை நீட்டினாள்.

"கை குடேன்!"

ஜெனோவா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நடுத் தண்ணியில நான் இருப்பேனா அக்கா?"

பிறகு மஞ்சளைத் தள்ளிவிட்டாள்.

அது அகலமான கயாக். கட்டில் மாதிரி. கிளமென்சி அதன் நடுவில் வயிற்றைப் போட்டாள். காலை உதைத்தாள். வழுக்கினாள். மறுபடி போட்டாள். ஆமையைப்போல ஒரு புரளல், ஒரு முக்கல். வானம் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

மூச்சு வாங்கியது. முடியிலிருந்து நீர் சொட்டியது. யாரும் அவளைத் தூக்கவில்லை.

"இன்னொரு தரம்," என்றாள் கிளமென்சி. வேண்டுமென்றே விழுந்தாள்.

அன்றைக்கு ஒன்பது தரம் விழுந்தாள். ஒன்பது தரம் ஏறினாள்.


"மஞ்சள்தான்," என்றாள். "முடிஞ்சுது."

"கரைக்குத் தூக்கிட்டு வாங்க."

கிளமென்சி ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். மஞ்சள் ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். சகதி அதைக் கவ்விக்கொண்டது.

"சக்கரம் வெச்ச வண்டி இருக்குமே?"

"இருக்கு."

ஜெனோவா கொண்டுவந்து மாட்டினாள். நாலு அடி போனதும் சக்கரம் அச்சு வரை புதைந்தது. கிளமென்சி தள்ளினாள், திட்டினாள், கான்வென்ட்டில் கற்ற ஆங்கிலத்திலும் கற்றுக்கொடுக்காத தமிழிலும் திட்டினாள். சக்கரம் இன்னும் கொஞ்சம் புதைந்தது.

பச்சையைத் தூக்கிப் பார்த்தாள். பூக்கூடை மாதிரி இடுப்பில் வந்து உட்கார்ந்தது.

"இது என்ன நியாயம்?" என்றாள். "பச்சை கரையில என் பேச்சைக் கேக்குது, தண்ணியில கேக்க மாட்டேங்குது. மஞ்சள் தண்ணியில கேக்குது, கரையில கேக்க மாட்டேங்குது. ரெண்டு இடத்துலயும் கேக்கற மாதிரி ஒண்ணு கிடையாதா?"

"உங்களுக்குக் கிடையாது."

முகத்துக்கு நேரே சொன்னாள். இனிப்புத் தடவாமல்.

"அப்ப நான் எதை எடுக்க?"

ஜெனோவா சேறு படிந்த சக்கரத்தைக் கழற்றிக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

"கரையில தனியாவா, தண்ணியில தனியாவா? எங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்க."


அன்று மாலை கிளமென்சி ஆப்பத்துக்கு மாவு ஊற்றினாள். இரண்டு ஆப்பம். ஒன்று தின்றாள்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு நாற்காலி. மூன்றில் தூசி. துடைக்கலாமென்று துணியை எடுத்தாள். யார் உட்கார என்று கேட்டுக்கொண்டாள். துணியை வைத்துவிட்டாள்.

கேட்டில் புதுச் சிலிண்டர் நின்றிருந்தது. சாய்த்து உருட்டினாள். வாசற்படியில் அது முட்டிக்கொண்டது. கையை எடுத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. "அந்தப் பக்கம் பிடிங்க" என்றாளே அந்தப் பெண். ஒரு வருஷமாக யாரும் கிளமென்சியிடம் எதையும் பிடிக்கச் சொல்லவில்லை.

பிடித்தபோது ஜெனோவாவை என்னவென்று நினைத்தோம்? யோசித்துப் பார்த்தாள். நோஞ்சான் என்று நினைத்தோமா? பாவம் என்று? வாங்க வந்தவளை வேலை வாங்குகிறாளே என்றுதான் நினைத்தோம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.


மஞ்சள் அவளுடையதாயிற்று.

"நாளைக்கு நீ இருப்பியா?" என்று கேட்டாள்.

"விடியறதுக்கு முன்னால ஆட்களைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"பிறகு நான் என்ன பண்ண?"

ஜெனோவா மஞ்சளின் முன்பக்கத்துக் கைப்பிடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். போய்விட்டாள்.

மறுநாள் விடிந்து அரைமணி ஆகியிருந்தது. வற்றம். தண்ணீர் உள்வாங்கி, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாற்பது அடிச் சகதி. தூரத்தில், கடலோடு ஆறு கலக்கிற இடத்தில், புள்ளியாகச் சில கயாக்குகள். அதில் ஒன்று ஜெனோவா.

கிளமென்சி மணலில் உட்கார்ந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

உப்பு லாரி ஒன்று போனது. சைக்கிளில் இரண்டு பெண்கள் போனார்கள். வாயைத் திறந்தாள். குரல் வருவதற்குள் சைக்கிள் வளைவு தாண்டிவிட்டது. மறுபடி யாருமில்லை. மடவை மீன் ஒன்று தண்ணீரில் துள்ளி விழுந்தது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

காத்திருப்பது அவளுக்கு ஆகாது. காத்திருந்தாள்.

ஒரு வண்டி வந்து நின்றது. ஐஸ் வண்டி.

தஸ்நேவிஸ் ஓட்டுகிற இடத்திலிருந்து தலையை நீட்டினான். மஞ்சளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். உதட்டோரம் ஏற்கெனவே கோணத் தொடங்கியிருந்தது.

"என்ன மதினி, படகா? தாங்குமா?"

அவனுக்கென்று அவள் ஒரு வருஷமாகச் சாணை பிடித்து வைத்திருந்த வாக்கியங்கள் இருந்தன. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஆளைத் தோலுரிக்கிறவை. எல்லாம் வரிசையாக நாக்குக்கு வந்து நின்றன.

அவள் திரும்பிப் பார்த்தாள். கயாக்கின் பின்முனை மணலில் கிடந்தது. கைப்பிடி சும்மா தொங்கியது.

"தஸ்நேவிஸு," என்றாள். "சிரிக்கணும்னா சிரிச்சு முடி. முடிச்சிட்டு அந்தப் பக்கம் பிடி."

வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு அணைந்தது.

"ரொம்பக் கனமா மதினி?"

"ஆமா. ஒரு ஆளால ஆகாது."

தஸ்நேவிஸ் இறங்கி வந்தான். சகதியைப் பார்த்தான். குனிந்து செருப்பைக் கழற்றினான்.