பொன்னாடைக் கருத்தரங்கம்

பொது நிர்வாக ஆய்வில் மூத்தவர்களும் இளையவர்களும் கலந்து பேச ஒரு கருத்தரங்கம் கூட்டினார்கள். மூத்தவர்கள் மேடையில் பேசினார்கள்; இளையவர்கள் கீழே கைதட்டினார்கள். மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு, 'இளைஞர் குரலைக் கேட்க வேண்டும்' என்று மதியம்வரை முழங்கினார்கள். சாம்பார் வாசனை வந்த பிறகுதான் தலைவர் பேராசிரியர் திருஞானத்துக்கு பேசக் காத்திருந்த ஆய்வு மாணவி செவ்வந்தியின் நினைவு வந்தது.

"நாலு வருஷ ஆய்வாம்மா? ஒரே நிமிஷத்துல முடி. தாண்டினா சான்றிதழ் கிடையாது."

"அரை நிமிஷம் போதும் ஐயா. குறைதீர்க்கும் கூட்டத்துல மக்களால ஏன் வாயே திறக்க முடியலைங்கிறதுதான் என் ஆய்வு."

"சரி, காரணம்?"

"அதைத்தான் காலையிலேருந்து நீங்களே மேடையில செஞ்சு காட்டிட்டீங்களே ஐயா!"

யாரும் சொல்லாமலே கீழே கைதட்டல் எழுந்தது. அவளுக்குப் போர்த்தத்தான் பொன்னாடை மிச்சமில்லை.