தாளாளருக்குக் கைதட்டிய சர்வர்

எங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரிக்கு ஓர் இணைய வானொலி உண்டு. தாளாளர் அருணகிரி தினமும் காலையில் அதில் அரைமணி நேரம் பேசி உலகத்தைத் திருத்துவார். வானொலியைப் பார்த்துக்கொண்டவள் தற்காலிக ஊழியரான தங்கபுஷ்பம். பத்து விநாடி சத்தம் வராவிட்டால், லைன் போய்விட்டதென்று பேக்கப் சர்வர் தானாகவே நாதஸ்வரம் போடும்படி அவள் அமைத்திருந்தாள்.

தாளாளருக்கு மேடைப் பழக்கம். ஒவ்வொரு கருத்துக்குப் பிறகும் கைதட்டலுக்காக நிறுத்துவார். ஸ்டுடியோவில் தட்ட ஆளில்லை. அவரும் விடாமல் காத்திருப்பார். நாதஸ்வரம் தொடங்கிவிடும்.

"என் பேச்சையே மிஷின் வெட்டுதா? நான் நிறுத்தினா பாட்டு வரக்கூடாது. ஆனா லைன் போனாலும் சத்தம் நிக்கக்கூடாது. நாளைக்குள்ள சரிபண்ணு, இல்லேன்னா வேலைக்கு வராதே!"

"சரிங்க ஐயா."

தங்கபுஷ்பம் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு, பேக்கப்பில் கைதட்டலை ஏற்றினாள்.

மறுநாள் ஹெட்போனில் அதைக் கேட்ட தாளாளர் பூரித்துப்போனார். "இப்பத்தாம்மா மிஷினுக்குப் புத்தி வந்திருக்கு!" அவள் வேலையை நிரந்தரமாக்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ஒருநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அரைமணி நேரமும் வானொலியில் கைதட்டல் மட்டுமே கேட்டது.

மறுநாள் காலை முதல்வரும் துறைத்தலைவர்களும் வரிசையாக வந்து நின்றார்கள். "நேத்து உங்க பேச்சு அபாரம் ஐயா! குறிப்பெடுத்து வச்சிருக்கோம்."

தாளாளர் மெல்லத் தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார். "நேத்து நான் என்னம்மா பேசினேன்?"

"அது அவங்களுக்குத்தான் தெரியும் ஐயா. கைதட்டல் மட்டும் ஒரு விநாடிகூட நிக்கலை."