காளன் காட்டிய கொம்பன்

வேட்டைத்தடுப்புக் காவலர் காளன் ரிசார்ட் மின்வேலியைப் பற்றி மூன்று முறை புகார் சொல்லியும், "படம் இருக்கா?" என்றே ரேஞ்சர் விரட்டினார். படம் எடுக்க ரிசார்ட் வேலிக்குள் யார் விடுவார்கள்?

ரிசார்ட் முதலாளி வேதமூர்த்தியோ, முழங்கை நீள லென்ஸோடும் ரேஞ்சரோடும் மலையேறி வந்தார். "இன்னைக்குக் கொம்பன் யானையைக் காட்டலேன்னா உன் வேலை போச்சு!"

காளன் லென்ஸைப் பார்த்தார். "இந்த லென்ஸ் ரொம்ப தூரம் எட்டுமாங்க?"

"ஈயோட மீசையையே எண்ணும்டா!"

"அப்ப கீழே, உங்க வேலியோர மூங்கில் புதர்கிட்ட பாருங்க. படுத்திருக்கு."

லென்ஸுக்குள் தந்தம் தெரிந்ததுமே முதலாளி படபடவென்று எடுத்துத்தள்ளி, ரேஞ்சரிடம் பெருமையாக நீட்டினார். ரேஞ்சர் படத்தைப் பெரிதாக்கினார். செத்துக் கிடந்த கொம்பனின் தும்பிக்கையில் ரிசார்ட்டின் மின்வேலிக் கம்பி சுற்றியிருந்தது.

"நீங்க கேட்ட படங்க" என்றார் காளன் ரேஞ்சரிடம். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

"வேலையை எடுத்துக்கங்க ஐயா. இனிமே காட்டறதுக்குக் கொம்பன் இல்லை."